டேங்கில் இன்னும் இருக்கும் என்று நினைத்துப் பறப்பவர்களுக்கு

லைசென்ஸ் வாங்கிய கையோடு சிறிய விமானங்களை வாடகைக்கு எடுத்துப் பறப்பவர்களின் பக்கத்து இருக்கையில் அடிக்கடி உட்காருகிறேன். ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்தை அவர்களும் அப்படியே அடிக்கிறார்கள். டேங்கைத் திறந்து பார்க்காமல் கிளம்புவது, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்க்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றுக்கெல்லாம் பயிற்சியின்போதே வேண்டிய அளவு திட்டு வாங்கியிருப்பீர்கள்.

ஆளைக் கவிழ்ப்பவை வேறு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரையிலான விபத்துகளை அலசியபோது, எரிபொருள் தொடர்பானவை மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேல் இருந்தன. அவற்றில் மாணவர்கள் ஓட்டியவை 2 சதவீதம்தான். ஏறக்குறைய பாதியில் விமானியிடம் கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்க அனுமதிப்பது) அல்லது அதற்கும் மேலான லைசென்ஸ் இருந்தது.

முள்ளை நம்புவது

செஸ்னா என்ற சிறு விமானத்தின் பழைய மாடல்களில் எரிபொருள் அளவைக் காட்டும் முள், டேங்குக்குள் மிதக்கும் மிதவையைப் பொறுத்து ஆடுகிறது. விமானம் திரும்பினால் ஆடும், காற்று குலுக்கினால் ஆடும். படியில் ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்த அளவுதான் கணக்கு. குச்சியும் அந்தந்த விமானத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். பக்கத்து விமானத்தில் கிடந்ததை எடுத்து அளந்தால் பொய்தான் சொல்லும்.

புத்தகத்துக் கணக்கு

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவிலிருந்து சான் டியேகோவுக்கு ஒருவருடன் செஸ்னா 172-இல் போனேன். மூன்றரை மணி நேரப் பயணம். குச்சியில் 45 கேலன். மணிக்கு 10 கேலன் என்று கையேடு சொல்கிறது, ஆக 35 போகும், 10 மிஞ்சும், இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் கையிருப்பில் இருக்கும் என்று அழகாக எழுதி வைத்திருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

வழியிலுள்ள பள்ளத்தாக்கின் மேல் 3500 அடியில் சமநிலைக்கு வந்து வெகுநேரம் ஆகியும், காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை மாற்றும் மிக்ஸ்சரின் சிவப்புக் குமிழ் முழுசாக உள்ளேயே இருந்தது. எரிபொருள் போகும் வேகத்தைக் காட்டும் ஃபியூயல் ஃப்ளோவைப் பார்த்தேன்: மணிக்குப் பன்னிரண்டரை கேலன். அதே வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 44 கேலன் ஆகும். சான் டியேகோவில் மிஞ்சுவது ஒரு கேலன் சொச்சம், சுமார் ஆறு நிமிடம். அதையும் கடைசிச் சொட்டு வரை எஞ்சின் உறிஞ்சாது.

ஏன் லீன் செய்யவில்லை, அதாவது குமிழை இழுத்துப் பெட்ரோலைக் குறைக்கவில்லை என்று கேட்டேன். “5000 அடிக்குக் கீழே தொடக்கூடாதுன்னு வாத்தியார் சொன்னாரே சார்” என்றார்.

இந்த 5000 அடிக் கதை எத்தனை தலைமுறை விமானிகளிடம் சுற்றிக்கொண்டிருக்கிறதோ! முழு சக்தியில் மேலேறும்போது எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், அது சரி. ஆனால் 75 சதவீதமோ அதற்குக் குறைவான சக்தியிலோ சமமாகப் பறக்கும்போது எந்த உயரத்திலும் லீன் செய்யலாம் என்று அந்த எஞ்சினைச் செய்யும் லைகமிங் நிறுவனமே சொல்கிறது. கையேட்டின் அட்டவணையில் உள்ள 10 கேலனும் லீன் செய்த மிக்ஸ்சருக்கான எண்தான். அட்டவணைக்கு மேலே சின்ன எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

குமிழை மெல்ல வெளியே இழுக்கச் சொன்னேன். எஞ்சின் லேசாக முரண்டு பிடித்ததும், சீராக ஓடும் வரை கொஞ்சம் உள்ளே தள்ளினார். ஃப்ளோ பத்துக்கு அருகில் வந்து நின்றது. இருந்தாலும் பாதி வழியில் இறங்கி டேங்கை நிரப்பிக்கொண்டுதான் போனோம்; அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

உங்கள் விமானம் உங்கள் கையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். டேங்கை நிரப்பிக் கிளம்புங்கள்; இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். பம்ப் காட்டும் கேலனைப் பறந்த நேரத்தால் வகுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலைந்து முறை எழுதினால் உண்மையான எண் தெரிந்துவிடும். வாடகை விமானமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். அமெரிக்கச் சட்டம் கேட்கும் கையிருப்பு பகலில் 30 நிமிடம், இரவில் 45. எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் பிடிக்காது.

ஒரு டேங்க் காலி, இன்னொன்று நிறைய

எந்த டேங்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை செஸ்னா 172-இல் இரண்டு டேங்குக்கும் பொதுவாக வைக்கலாம். பைப்பர் செரோக்கியில் இடது அல்லது வலது, இரண்டில் ஒன்றுதான். அரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து மாற்றுங்கள். எரிபொருள் மின்பம்பைப் போட்டு, டேங்கை மாற்றி, எரிபொருள் பிரஷர் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பம்பை அணையுங்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவருடைய லாங்-ஈஸி விமானத்தில் செலக்டர் கைப்பிடி இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதை எட்டப் போனபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணை முடிவு. கிளம்பும் முன் எரிபொருள் போடவா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று சொல்லியிருந்தார். புது விமானத்தில் ஏறினால், தரையிலேயே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு செலக்டரைத் திருப்பிப் பாருங்கள்.

டேங்க் மூடி

நீங்களே திருகுங்கள். சரியாக மூடாவிட்டால் இறக்கை மேல் ஓடும் காற்றே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிடும்.

கேலனா, லிட்டரா?

எரிபொருள் போடுபவரிடம் எந்த அளவில் போடுகிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சொல்லக் கூச்சப்படுவது

1990 ஜனவரியில் நியூயார்க் அருகே கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்துப் பயணிகள் விமானம், ஃப்ளைட் 52, எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன விமானிகள், அவசரநிலை என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. ‘மினிமம் ஃபியூயல்’ என்று கன்ட்ரோலரிடம் சொன்னால் அது வெறும் தகவல்தான். வரிசையில் யாரும் உங்களை முன்னால் விடமாட்டார்கள். கடைசிக் கையிருப்பில் கை வைக்க வேண்டி வரும் என்று தெரிந்தால் ‘மேடே ஃபியூயல்’ என்று சொல்லி அவசரநிலையை அறிவித்துவிடுங்கள். அப்புறம் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தால் எழுதிக்கொள்ளலாம்.