ஆஸ்திரேலியாவில் சுற்றிக்கொண்டே வேலை: 462 விசாக்காரர்களுக்கான வழிகாட்டி

462 என்பது ஓராண்டு ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய ஆஸ்திரேலியா இளைஞர்களுக்குத் தரும் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இதில் ஆண்டுக்கு 1,000 இடங்கள்தான். 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பிந்தைய படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது முடித்திருக்க வேண்டும். பெயரை முதலில் குலுக்கலில் பதிய வேண்டும். அதற்குப் பான் அட்டையும் 25 ஆஸ்திரேலிய டாலரும் தேவை. பெயர் வந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அப்போது கையில் ஏறத்தாழ 5,000 டாலரும் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்த 5,000 வெறும் காட்சிப் பணம் இல்லை. முதல் சம்பளம் வரும்வரை நீங்கள் சாப்பிடப்போவது அதில்தான்.

விசாவின் 12 மாதக் கெடு முதன்முதலில் நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஓடும். எனவே எந்த மாதம் போய் இறங்குவது என்பதை விமான டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அறுவடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடக்கே டார்வின், கேத்தரின் பக்கம் மாம்பழப் பறிப்பு செப்டம்பர் கடைசியில் சூடுபிடித்து நவம்பர்வரை போகும். டாஸ்மேனியாவில் செர்ரி டிசம்பர், ஜனவரி. மில்டுராவில் திராட்சை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை. குயின்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் வாழைத் தோட்டங்களில் ஆண்டு முழுக்க வேலை உண்டு. ஆனால் 40, 50 கிலோ தாரைத் தோளில் தாங்கிச் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். முதுகு பலவீனமானவர்கள் தார் சுமக்கும் வேலையை விட்டுவிட்டுப் பொதி கட்டும் கொட்டகையில் வேலை கேளுங்கள்.

இறங்கியதும் முதல் வேலை வரி எண் வாங்குவது. டிஎஃப்என் எனப்படும் இதை வரித்துறையின் தளத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது இல்லை. எண் தபாலில் வரும், 28 நாள்வரை ஆகலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: மூன்று நாள் தங்கிய விடுதியின் முகவரியைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்பிவிடுவார்கள், கடிதம் குப்பைக்குப் போகும். ஒரு மாதமாவது மாறாத முகவரியைக் கொடுங்கள். எண் வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம். 28 நாளுக்குள் முதலாளியிடம் தராவிட்டால் மட்டும் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

வேலையில் சேரும்போது தரும் வரிப் படிவத்தில் 'ஒர்க்கிங் ஹாலிடே மேக்கர்' என்ற கட்டத்தில் குறி போடுங்கள், உங்கள் விசாக்காரர்களுக்கான பிரிவு அதுதான். முதல் டாலரிலிருந்து 45,000 டாலர்வரை 15 சதவீத வரி. உள்ளூர்வாசி என்று குறித்தால் வாரச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் ஆண்டுக் கடைசியில் மிச்ச வரியைக் கட்டச் சொல்லி ஓலை வரும்.

மதுக்கூடத்தில் பரிமாற ஆர்எஸ்ஏ, அதாவது பொறுப்போடு மது பரிமாறுவதற்கான பயிற்சிச் சான்று வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ அந்த மாநிலத்துக்குச் செல்லுமா என்று பார்த்து எடுங்கள். கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு எனப்படும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை, எஃகு முனை வைத்த பூட்ஸ். துப்புரவு, பாத்திரம் கழுவுதல் போன்றவற்றுக்கு எதுவும் வேண்டாம், நேரில் போய்க் கேட்டாலே கிடைக்கும்.

கூலிக் கணக்கு. 2025 ஜூலை 1 முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். விடுப்புச் சம்பளம் இல்லாத கேஷுவல் ஆளுக்கு அதன்மேல் 25 சதவீதம் சேரும். ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும். உங்கள் வேலைக்கு, உங்கள் வயதுக்கு எவ்வளவு என்பதை தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க்கின் தளத்திலுள்ள கணிப்பானில் போட்டுப் பாருங்கள். தோட்டங்களில் வாளிக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பேசலாம், ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல் அதற்கும் ஒரு தரைமட்டம் உண்டு. உங்கள் நிலைக்கான மணிக்கூலி 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாளிக்கு 8 டாலர் வீதம் எட்டு மணி நேரத்தில் 20 வாளி பறித்தால் 160 டாலர். தரவேண்டியதோ 240. மிச்சம் 80 டாலரை முதலாளி போட்டுத்தான் ஆக வேண்டும். இதைக் கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, வாளி எண்ணிக்கை. தினமும் நோட்டில் எழுதுங்கள், மேஸ்திரியின் பலகையையும் படம் எடுத்து வையுங்கள்.

'ஏபிஎன் எடுத்து வா, அதில் பணம் தருகிறேன்' என்பவரிடம் எச்சரிக்கை. ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான வணிக எண். நேரம், இடம், கருவி எல்லாம் அவர் சொல்கிறபடி என்றால் நீங்கள் தொழிலாளிதான், ஒப்பந்ததாரர் இல்லை. ஏபிஎன் மூலம் வாங்கினால் ஓய்வூதியப் பங்கும் கேஷுவல் கூடுதலும் போய்விடும், வரியும் உங்கள் தலையில்.

அறுவடை ஊர் விடுதிகள் வேறு ரகம். வேலை தருவதாகச் சொல்லி நான்கு வார வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, 'மழை, பழம் பழுக்கவில்லை' என்று காக்க வைப்பார்கள். ஒரு வார வாடகைக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். எந்தத் தோட்டம், எந்த நாள் தொடக்கம் என்று குறுஞ்செய்தியில் வாங்குங்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரருக்குக் குயின்ஸ்லாந்து, விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியாவில் உரிமம் கட்டாயம்; அரசுப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. தோட்ட வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

இரண்டாம் ஆண்டு வேண்டுமானால் குறிப்பிட்ட வேலைகளில், குறிப்பிட்ட அஞ்சல் குறியீடுகளில் மூன்று மாதம், அதாவது 88 நாள், சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். சோற்றுக்கும் படுக்கைக்கும் செய்த வேலை கணக்கில் வராது. சேரும் முன்பே குறியீட்டைச் சரிபாருங்கள், எண்பதாம் நாளில் பார்த்துப் பயனில்லை. வேலை செய்ததற்குச் சான்றான 1464 படிவத்தில் ஒவ்வொரு தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பருவம் முடிந்த மேலாளரைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

ஓய்வூதிய நிதியாக 12 சதவீதம் முதலாளி தனியே கட்டுவார். எல்லா முதலாளிகளிடமும் ஒரே நிதியின் பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து இடங்களில் ஐந்து துண்டாகக் கிடக்கும். நாட்டை விட்டு வந்து, விசாவும் முடிந்த பிறகு இணையத்தில் கேட்டுத் திரும்ப வாங்கலாம். அதில் 65 சதவீதம் வரியாகப் போகும், இந்த விசாவின் கசப்பான பகுதி அதுதான். மிச்சத்தை விட்டுவிடாதீர்கள், கிளம்பும் முன் நிதியின் உறுப்பினர் எண்ணையும் டிஎஃப்என்னையும் குறித்துக்கொண்டு, கணக்கில் உள்ள ஆஸ்திரேலியக் கைபேசி எண்ணை மாற்றிவிடுங்கள். அந்த சிம் செத்த பிறகு ஓடிபி வாங்க வழியிருக்காது.