டெவில்ஸ் லேக்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு சுற்று

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாராபூ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க். சிகாகோவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுவில் ஏரி, கிழக்கிலும் மேற்கிலும் 500 அடி உயரப் பாறைச் சரிவுகள், மேலே காடு. 1911-இல் மாநிலப் பூங்காவானது. மலைப்பாதைக்குப் புதியவர்கள் அரை நாளில் முடிக்கக்கூடிய ஒரு சுற்றைச் சொல்கிறேன். நான் முதல் முறை இதே சுற்றைத் தலைகீழாகப் போய், முட்டி வலியோடு வீடு திரும்பியவன்.

1. வண்டிக்கு நுழைவு ஸ்டிக்கர் வாங்குங்கள். கட்டணம் ஆளுக்கு இல்லை, காருக்குத்தான். வேறு மாநில நம்பர் பிளேட் என்றால் கொஞ்சம் கூடுதல். ஒரு நாளைக்கும் வாங்கலாம், ஆண்டு முழுவதற்கும் வாங்கலாம்.

2. சீக்கிரம் போய்ச் சேருங்கள். பூங்கா காலை 6 மணிக்கே திறந்துவிடும். கோடைக்கால சனி, ஞாயிறுகளில் தாமதமாகப் போனால் கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். தென்கரையில் நிறுத்துங்கள்.

3. தண்ணீரைக் கரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே குழாய் கிடையாது. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைப்பது நல்லது. செருப்பு கூடவே கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "கல்லு வழுக்குமா?" என்று கேட்டால், வழுக்கும், மழை பெய்திருந்தால் இன்னும் மோசம்.

4. இப்போது ஏற்றம். தென்கரையின் கிழக்கு மூலையில், ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் பேலன்ஸ்டு ராக் பாதை தொடங்கும். தூரம் அரை மைல்கூட இல்லை, ஆனால் ஒழுங்கில்லாத கற்படிகள் நெட்டுக்குத்தாக ஏறும். நான் செய்த தவறு இங்கேதான்: இதை இறங்கும் வழியாக வைத்துக்கொண்டேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்று நின்று போகலாம். இறங்கும்போது களைத்த காலோடு ஒவ்வொரு கல்லிலும் குதித்து இறங்க வேண்டும், பார்வையும் நேரே பள்ளத்தில் விழும். அதனால் செங்குத்தான பாதையில் ஏறி, சாய்வான பாதையில் இறங்குங்கள்.

கால் வைக்கும் கல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குவார்ட்சைட் என்ற கடினப் பாறை, வயது ஏறக்குறைய 170 கோடி ஆண்டுகள். ஒரு காலத்தில் மணலாக இருந்தது இறுகிப்போனது. ஏரி அதற்கு முன்னால் கைக்குழந்தை: பனியுகத்தில் வந்த பனிப்பாறை, இந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு வாய்களிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்துவிட, நடுவில் தண்ணீர் தேங்கியது. உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் பேலன்ஸ்டு ராக் வரும். ஒற்றைக் கல் சின்ன நுனியில் நிற்கும். அதைத் தள்ளுவதுபோல் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன்.

5. மேலே வந்ததும் கிழக்கே கொஞ்சம் நடந்தால் டெவில்ஸ் டோர்வே, கற்கள் அடுக்கிய வாசல் போன்ற பாறை. பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். விளிம்புகளில் கம்பி வேலி இல்லை, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. அப்புறம் ஈஸ்ட் பிளஃப் (கிழக்குப் பாறைச் சரிவு) பாதையில் வடக்கு நோக்கி நடங்கள். ஓக் மரங்களுக்கு இடையே ஏரி தெரிந்தும் மறைந்தும் வரும். மெல்ல இறங்கி வடகரையில் முடியும். சாப்பாட்டுக்கு இதுதான் இடம். புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தால் உத்தமம்.

7. மேற்குக் கரையோரமாக டம்பிள்டு ராக்ஸ் பாதையில் தென்கரைக்குத் திரும்புங்கள். சுமார் ஒரு மைல், சமதளம். மலையிலிருந்து உருண்டு குவிந்த பெரும் பாறைகளுக்கு நடுவே, தண்ணீரை ஒட்டியே போகும். ஏற முடியாத பெரியவர்கள் இதை மட்டும் நடந்தாலும் வந்தது வீண் இல்லை.

8. நேரம் இருந்தால் தென்கரையில் பறவை வடிவ மண்மேட்டையும் பாருங்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பியது. மேலே ஏறாதீர்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித ஏரி; "பிசாசு ஏரி" என்பது பிறகு வந்தவர்கள் வைத்த பெயர்.

9. காரில் ஏறும் முன் சாக்ஸ், முட்டியின் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்த்து உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். லைம் (Lyme) என்ற பாக்டீரியா நோயைப் பரப்புகிற சிறு உண்ணி இங்கே உண்டு. இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுங்கள்.