நில உபயோக மாற்ற அறிவிப்பு வந்தால் என்ன செய்வது: எடுபடும் ஆட்சேபணை எழுதும் முறை

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே நாலைந்து வரியில் அந்த அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு, ஆதாரக் குடியிருப்பிலிருந்து (முதன்மையாக வீடுகளுக்கான வகை) வணிக உபயோகத்துக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று இருக்கும். சென்னைப் பெருநகரில் அக்கம்பக்கத்தாரின் கருத்தை முறைப்படி கேட்கும் கட்டம் பெரும்பாலும் இது ஒன்றுதான். அடுத்து வரும் பிளான் அப்ரூவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகாது. அதனால் கெடு தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்தபின் போகும் கடிதம், அதில் எவ்வளவு நியாயம் இருந்தாலும், கோப்பில் சேராமல் போகலாம்.

அடுத்த வேலை, நிலம் எது என்று உறுதி செய்வது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறிவிப்பில் பழைய சர்வே எண் இருக்கும். நகர அளவை முடிந்த பகுதியில் உங்கள் பட்டாவில் பிளாக், டவுன் சர்வே எண் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் எழுதினால் வேறு நிலத்துக்கு ஆட்சேபணை போய்ச் சேரும். தமிழ்நாடு அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் எஃப்.எம்.பி. என்கிற புலப்பட நகலையும் 'அ' பதிவேட்டு (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் உரிமையும் பதிவான கிராமக் கணக்கு) நகலையும் எடுங்கள். நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேட்டு நகல். உட்பிரிவு எண் வரை, அதாவது 3A, 3A2 போன்ற கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும். 'அ' பதிவேட்டில் ஒட்டியுள்ள நிலம் வாய்க்கால், ஏரி, பாதை, புறம்போக்கு என்று ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். எதிர்ப்பின் மிக வலுவான சான்று பல சமயம் அந்த ஒரு வரியில் இருக்கும்.

மாறப்போவது கட்டடமா, நிலத்தின் வகையா என்பதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பதாரர் கிளினிக் என்று சொல்லலாம், பள்ளி என்று சொல்லலாம். மாறுவது அந்த நிலத்தின் வகை. வகை மாறிவிட்டால், நிலம் நாளை யார் கைக்குப் போனாலும், அந்த வகையில் அனுமதிக்கப்பட்ட எதை வேண்டுமானாலும் அங்கே கட்டக் கேட்கலாம். எனவே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திறந்து, புதிய வகைக்கான பட்டியலில் உங்கள் தெரு தாங்காத உபயோகங்களைக் குறித்து, அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சொல்லப்பட்ட கிளினிக்கைப் பற்றி மட்டும் எழுதினால், 'அது கிளினிக்தானே' என்ற ஒற்றைப் பதிலில் உங்கள் கடிதம் முடிந்துவிடும்.

அடர்த்திக் கணக்கும் கையில் இருக்கட்டும். உயர்கட்டடம் அல்லாதவற்றுக்கு, அதாவது 18.30 மீட்டர் உயரம் வரை, பொதுவான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு வரலாம் என்ற அளவு, 2. ஒரு கிரவுண்டான 2,400 சதுர அடியில் 4,800 சதுர அடி கட்டலாம் என்பது பொருள். பணம் கட்டிப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. சாலை அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டரிலிருந்து 30 சதவீதம், 12 மீட்டரிலிருந்து 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் 50. எனவே சாலையின் அகலம்தான் விவாதத்தின் அச்சு. அளப்பதில் வழக்கமான தவறு, தார் போட்ட பகுதியை மட்டும் அளப்பது. சாலை என்றால் வடிகால், நடைபாதை எல்லாம் சேர்த்து ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை. மனையின் எதிரே ஒரு முறை, பிரதான சாலையில் சேரும் வரை குறுகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை டேப் பிடித்து அளந்து, கதவு எண்ணோடு எழுதுங்கள். புலப்படத்தில் 9 மீட்டரும் தரையில் 6.5 மீட்டரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். அந்த வித்தியாசம் ஆக்கிரமிப்பாக இருக்கலாம், அதுவும் பதிவாகட்டும்.

வெள்ளம் வரும் இடம் என்பதற்குச் சான்றாக 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நாட்களின் தேதியிட்ட படங்கள் போதும். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் அளந்து சேர்த்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்கடலோர நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி ஆகியவற்றுக்கு சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உங்கள் கிராமம் அதில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

எதை எழுதக்கூடாது என்பதும் முக்கியம். வாடகைக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்களோ, எங்கள் வீட்டு விலை குறையும், எங்கள் தெருவின் அந்தஸ்து போகும் போன்ற வரிகள் உங்கள் நல்ல வாதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்; அவை நியாயமும் அல்ல. மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், அகலமான சாலையில் கூடுதல் மாடி வருவதை எதிர்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே மறுக்கப்படும் வீடுகள் புறநகரில் ஏரிக்கரையிலும் வயலிலும் போய் நிற்கின்றன. எங்கே குறை இருக்கிறதோ அங்கே மாற்று வழியையும் கேளுங்கள்: வணிகத்துக்குப் பதில் கலப்புக் குடியிருப்பு போதும், வாய்க்கால் ஓரம் இத்தனை மீட்டர் விடட்டும், சாலை விரிவுக்கு நிலம் தரட்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத் திறந்தவெளியைத் தானப்பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை பணமாகக் கட்டும் வழி இருக்கிறது. பூங்கா இல்லாத பகுதி என்றால் பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

கடிதம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். பெறுநர், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உறுப்பினர்-செயலர், எழும்பூர். பொருள் வரியில் நாளிதழின் பெயர், தேதி, கிராமம், சர்வே எண். இணைப்பாகப் புலப்படம், அளவுப் பட்டியல், படங்கள். ஒரே வாசகத்தில் நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, அவரவர் வீட்டெதிரே அளந்த அளவோடு பத்துத் தனிக் கடிதங்கள் மேல். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது அந்த முத்திரைதான்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "என்ன நடவடிக்கை?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வந்த ஆட்சேபணைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மீதும் எழுதப்பட்ட குறிப்பு, முடிவெடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, விதித்த நிபந்தனைகள் என்று ஆவணங்களாகக் கேளுங்கள். மாற்றம் அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்த நிபந்தனைகளின் நகலை வைத்துக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டும்போதே செட்பேக்கை, அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை, அளந்து பாருங்கள். மீறல் தெரிந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு உடனே புகார் கொடுங்கள். ஸ்லாப் போடும் முன் நிறுத்துவது எளிது, போட்ட பின் இடிக்க வைப்பது மிகக் கடினம்.