குரோம் ரேமைத் தின்கிறதா? ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள்

குரோம் பிரவுசர் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக மெமரியை, நிறைய எடுத்துக் கணினி திணறினால் எல்லா டேப்களையும் மூட வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸில் குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமுக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும்; எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று அதில் தெரியும். மெமரி என்ற தலைப்பை ஒன்றிரண்டு முறை கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வந்துவிடும். சில நேரம் அது டேப்பாகவே இருக்காது. என்றோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷனாக (குரோமில் சேர்க்கும் குட்டி மென்பொருள்) இருக்கும். வேண்டாததைத் தயங்காமல் நீக்குங்கள். டேப் என்றால் 'எண்ட் பிராசஸ்' கொடுங்கள். ரீலோட் செய்தால் பக்கம் திரும்ப வரும். ஆனால் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருந்தால் அழிந்துவிடும், கவனம்!

அப்புறம், செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். பார்க்காமல் கிடக்கும் டேப்கள் பிடித்துவைத்த மெமரியை அதுவே விடுவிக்கும். எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களுக்கு அங்கேயே விலக்கும் கொடுக்கலாம்.