மண்வெட்டிக்கு முன்னால் தீர்மானப் புத்தகம்: ஊர் ஏரியை ஊரார் மீட்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோடைக்காலத்தில் எந்தச் சாலையில் சென்றாலும், சீமைக்கருவேல் மண்டிக் கரை மட்டும் எஞ்சி நிற்கும் ஏரி ஒன்றாவது கண்ணில் படும். அதைச் சீர்செய்ய வேண்டுமென்று ஊரில் பேச்செழுந்தால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஜேசிபி இயந்திரம்தான். என் கணிப்பில் அது கடைசியாக வர வேண்டியது. ஏரி தூர்ந்ததற்கு வண்டல் ஒரு காரணம் என்றால், அதைக் கூடிப் பராமரித்த ஏற்பாடு கலைந்துபோனது அதைவிடப் பெரிய காரணம் என்பதால், வேலையை அந்த ஏற்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தில், ஆயக்கட்டு நிலத்தார், அதாவது ஏரி நீரால் பாசனம் பெறும் நிலமுடையவர்கள், ஆள் கொடுத்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயையும் கரையையும் செப்பனிட்டு வந்தார்கள். அவ்வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கிலேய அரசு 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அதை நிலைநிறுத்த முயன்றது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. நீர் பாய்ந்த வயலோ பெரும்பாலும் அவர்களுடையதாக இருந்ததில்லை. ஆகவே, ஆயக்கட்டில் நிலமில்லாத குடும்பங்களுக்கு இந்த ஏரியால் என்ன கிடைக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும். கால்நடைக்கான நீர், மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலத் தொகையில் பொதுச்செலவுக்கான பங்கு, வேலை நடக்கும் நாட்களுக்கு முறையான கூலி ஆகியவை இதில் அடங்கும். கூட்டத்தையும் எல்லோரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய பள்ளித் திடலிலோ ஊராட்சி அலுவலகத்திலோ நடத்துங்கள். ஊரில் சிலர் நுழைய முடியாத கோயில் முற்றத்தில் எடுக்கப்படும் முடிவு ஊர் முடிவாகாது.

ஆட்களைத் திரட்ட நம் பகுதியில் புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டியதில்லை. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். பத்திருபது பெண்கள் கூடுவது, சிறு தொகை சேமிப்பது, வரவு செலவைப் படித்துக் காட்டிக் கையெழுத்திடுவது என்ற எளிய பழக்கம், வங்கிக்குள் நுழையாத பெண்களை வங்கி மேலாளருக்கு எதிரில் நாற்காலியில் அமர்த்தியது. அந்தப் பழக்கமே இங்கும் வேண்டும். ஏரிக் குழுவில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவரையும், ஒவ்வொரு சுயஉதவிக் குழுவிலிருந்தும் ஒருவரையும் சேர்த்து, தீர்மானப் புத்தகத்தை எழுதும் பொறுப்பைக் குழுக் கணக்கெழுதிப் பழகிய பெண்ணிடம் கொடுத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏரியின் புல எண், பரப்பு, எல்லை ஆகியவற்றைக் கேட்டுப் பெற்று, ஊரிலுள்ள முதியவர்களோடு எல்லையை ஒருமுறை நடந்து பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருக்கும். இது தெரியாமல் மனு கொடுத்தால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுவதிலேயே கோடை கழிந்துவிடும். பிறகு ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை செல்லும் என்பதால், முந்தைய வாரமே வீடு வீடாகச் சொல்லி வைக்க வேண்டும். தீர்மான எண்ணையும் நகலையும் தலைவரிடமோ தனி அலுவலரிடமோ பெற்றுக்கொள்ளாமல் கலைந்துவிடாதீர்கள். தவறினால் அடுத்த வாய்ப்பு மார்ச் 22. பிப்ரவரி முதல் கோடை மழை வரையிலான வறண்ட நாட்களில் பாதி அதற்குள் போயிருக்கும். வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் விவசாயிகள் வட்டாட்சியரின் அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும்.

களத்தில் வரத்துக்கால்வாயே முதலில் சீராக வேண்டும். கால்வாய் அடைபட்டிருக்க ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது, வாசலைப் பூட்டிவிட்டு விருந்துக்கு இலை போடுவதைப் போன்றது. கால்வாய் பெரும்பாலும் நமக்கு மேற்புறமுள்ள ஊரின் நிலங்கள் வழியே வருமாதலால், அந்த ஊர்க்காரர்களைப் பேச்சுக்கு அழைக்காமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. ஆக்கிரமிப்பு இருந்தால் நாமே வேலியைப் பிடுங்காமல், நீர்வளத் துறையின் ஏரியானால் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், 2007-இன்கீழும், மற்ற ஏரியானால் உரிய அதிகாரியிடமும் நடவடிக்கை கேட்டு எழுதுவதே முறை; நேரடியாக மோதினால் ஊர் இரண்டாகும், ஏரி அப்படியே இருக்கும். சீமைக்கருவேலை வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தால் கரை சரியும் என்பதால் போதிய தூரம் விட்டுத் தோண்டுங்கள். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தேங்கும் நீர் மதகு வழியே வயலுக்குப் பாயாது. அது மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும் என்றாலும், எவ்வளவு ஆழம் என்பதை ஊர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

கணக்கைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குக் காரணமுண்டு. நான் பங்கேற்ற ஒரு வேலையில் டீசல் செலவை யாரும் கூட்டத்தில் படித்துக் காட்டவில்லை. ஒருவரும் திருடவில்லை என்று இன்றும் நம்புகிறேன், ஆனாலும் மறு ஆண்டு கரைக்கு வந்தவர்கள் பாதிப்பேர்தான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் வரவு செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுவதென்று வைத்துக்கொண்டோம். மக்கள் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தை நாடுவதானால், இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வசூலாகாது.

முதல் மழையில் நீர் வந்ததும், எந்தத் தேதியில் எந்த மட்டம் நின்றது என்பதை மதகுக் கல்லில் குறியிட்டு, தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது கலிங்கு வழியே வழியும் நிலை வந்தால், அந்த உபரி நீர் அடுத்த ஏரிக்குத்தான் செல்லும். ஆகவே அன்றே கீழூருக்கு ஆளனுப்பி, அவர்களுடைய கால்வாயைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.