சீஸ்ஸ்டேக் எக் ரோல்: கசியாமல், வெடிக்காமல் பொரிப்பது எப்படி?

பிலடெல்பியாவின் புகழ்பெற்ற சீஸ்ஸ்டேக் சாண்ட்விச்சின் இறைச்சியையும் சீஸையும் நீள ரொட்டிக்குப் பதிலாக, அமெரிக்கச் சீன உணவகங்களின் எக் ரோல் ஷீட் எனும் மெல்லிய கோதுமை மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்தால் சீஸ்ஸ்டேக் எக் ரோல் கிடைக்கும். அந்தச் சாண்ட்விச்சை 1930களில் தெற்கு பிலடெல்பியாவில் ஹாட்டாக் விற்றுவந்த பாட் ஒலிவியேரி தொடங்கிவைத்தார் என்பார்கள். டெட்ராய்ட் நகரத்தில் இதே முறையில் கார்ன்ட் பீஃப், அதாவது உப்புநீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி, அடைத்த ரோல் பிரபலம். கீழே உள்ள அளவு ஏறத்தாழ பன்னிரண்டு ரோல்களுக்குப் போதும்.

அரைக் கிலோ ரிப்-ஐ (விலாப்பகுதி) மாட்டிறைச்சியை உறைபெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து, சற்று விறைத்ததும் காகிதம்போல் மெல்லியதாக நறுக்குங்கள். பெரிய வெங்காயம் ஒன்றைப் பொடியாக அரிந்து பொன்னிறமாக வதக்கித் தனியே எடுத்துவிட்டு, அதே வாணலியில் அதிகத் தீயில் இறைச்சியை இரண்டு தவணையாக வறுத்து, உப்பும் மிளகுத்தூளும் சேருங்கள்.

முழுச் செய்முறையின் வெற்றியும் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. வறுத்த இறைச்சியையும் வெங்காயத்தையும் வடிதட்டில் கொட்டி, நீரும் கொழுப்பும் சொட்டி முடியும்வரை விட்டு, பிறகு குளிர்பதனப் பெட்டியில் நன்றாக ஆறவையுங்கள். பூரணம் சூடாக இருந்தால் அதன் ஆவி ஷீட்டை நனைத்துக் கிழித்துவிடும். ஈரமாக இருந்தால் அந்த நீர் எண்ணெயில் நீராவியாக மாறி, மடிப்பைப் பிளந்துகொண்டு வெளியேறும். எண்ணெய் தெறிப்பதற்கும் சீஸ் வழிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், அவசரப்படுபவர்கள் வேறெங்கேனும் நேரத்தை மிச்சப்படுத்தட்டும்.

சீஸைப் பொறுத்தவரை, சாண்ட்விச்சில் சீஸ் விஸ் ஊற்றுவோர் உண்டென்றாலும், இளகிய நிலையிலேயே வரும் அது ரோலுக்குள் நிற்காது. ப்ரோவலோன் அல்லது அமெரிக்கன் சீஸை விரல்நீளத் துண்டுகளாக்கி, பூரணத்தின் நடுவில் வைப்பதே நல்லது.

ஷீட்டின் ஒரு முனை உங்களை நோக்கி இருக்குமாறு வைத்து, மூன்று மேசைக்கரண்டி பூரணத்தைக் கீழ்ப்பகுதியில் பரப்பி, அம்முனையை அதன்மேல் இழுத்து மூடி, இரு பக்கங்களையும் உள்ளே மடித்து, இடையில் காற்று தங்காதபடி இறுக்கமாகச் சுருட்டுங்கள். கடைசி முனையை முட்டைக் கலவையால் ஒட்டலாம். சமோசாவுக்குப் பயன்படுத்தும் மைதாப் பசையும் நன்றாகப் பிடிக்கும். வெறும் தண்ணீரை நான் நம்புவதில்லை.

அடி கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெயை 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மூன்று நான்காக இட்டு, திருப்பிவிட்டபடி மூன்று முதல் நான்கு நிமிடம் பொரியுங்கள். சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுவது, விலை உயர்ந்த மின்பொரிப்பானை வாங்குவதைவிடப் பயனுள்ளது. பொரித்தவற்றைக் கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தில் வைத்தால் அடிப்பக்கம் நமத்துப்போகும்.

பின்சேர்க்கை: ஏர் பிரையரில் செய்த வாசகர்கள் சிலருக்கு ஷீட் வறண்டு வெளுத்துப்போனதாம். அதன் எல்லாப் பக்கங்களிலும் எண்ணெய் தடவி, 190 டிகிரியில் பத்து நிமிடம், பாதியில் திருப்பிவிட்டுச் சமைத்தால் ஓரளவு மொறுமொறுப்பு வரும். ஆனால் பொரித்ததற்கு ஈடாகாது.

இன்னொருவர் ரூபன் சாண்ட்விச்சின் பூரணத்தை, அதாவது கார்ன்ட் பீஃப், சவர்கிராட், ஸ்விஸ் சீஸ் ஆகியவற்றை வைத்துச் செய்தபோது ரோல் வெடித்ததாக எழுதியிருந்தார். புளித்த முட்டைகோஸான சவர்கிராட்டைத் துணியில் கட்டி, சொட்டு நீரும் வராதவரை பிழியுங்கள். கார்ன்ட் பீஃபிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியே உப்புச் சேர்க்கத் தேவையில்லை. தவுசண்ட் ஐலண்ட் சாஸைத் தொட்டுக்கொள்ள மட்டும் வையுங்கள்.