கறிவேப்பிலைப் புழுவை வீட்டில் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்தபின் பச்சை நிறமாகிவிடும். குழந்தைகளுக்குக் காட்டலாமே என்று பலர் இதை டப்பாவில் வைத்து வளர்க்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் உருமாற்றத்தின் ஒவ்வொரு கட்டமும் பார்ப்பதற்கு நோய் மாதிரியோ சாவு மாதிரியோ இருக்கும். அதைப் பார்த்துப் பதறி நாம் கைவைப்பதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளின் இலைதான் இதற்கு ஆகும். கீரையோ முட்டைக்கோஸோ போட்டால் பட்டினியில் சாகும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையும் வேண்டாம், மருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதன் இலையையே தினமும் பறித்துப் போடுங்கள்.

புழு அசையாமல் கிடந்தால் குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இழுத்தால் கால்கள் பிய்ந்துவிடும்.

நன்றாகத் தின்று கொழுத்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்தும். தண்ணீராகக் கழியும், உடல் சுருங்கும், டப்பாவுக்குள் அலையும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூட்டுப்புழுவாகத் தயாராகிறது, அவ்வளவுதான். அதற்கு இப்போது தேவை ஒரு குச்சி. வால்நுனியை அதில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பிறகு கடைசித் தோலையும் உரித்துவிடும்.

இதைச் சுற்றிப் பட்டுக்கூட்டைத் தேட வேண்டாம். பெரும்பாலான பட்டாம்பூச்சிகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. பட்டுக்கூடு கட்டுவது அந்துப்பூச்சிகளின் வழக்கம், அவற்றிலும் எல்லாம் கட்டுவதில்லை. நந்தியாவட்டையைத் தின்னும் பெரிய பச்சைப் புழு, காலம் வந்ததும் பழுப்பாகி இறங்கி, தரையில் சருகுக்குள் புகுந்துகொள்ளும். அதற்குக் குச்சி வைத்தால் பயனில்லை, டப்பாவின் அடியில் மண்ணும் காய்ந்த இலையும் போட வேண்டும்.

கூட்டுப்புழுவுக்குள் எல்லாமே குழம்பாகக் கரைந்துவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். தசைகளில் பெரும்பகுதி சிதையும். ஆனால் இறக்கைக்கான மொட்டுகள் புழுவாக இருக்கும்போதே உள்ளே இருக்கின்றன. மூளையும் முழுதாக அழிவதில்லை. புழுப் பருவத்தில் ஒரு வாசனையை மின் அதிர்ச்சியோடு சேர்த்துப் பழக்கிய அந்துப்பூச்சிகள், இறக்கை முளைத்த பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன என்று 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இன்றுவரை வியப்பு தீராத செய்தி இது.

கடைசி நாளில் கூட்டுப்புழு கறுத்துப்போகும். அழுகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். தோல் கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் இறக்கையின் நிறம் தெரிகிறது, பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளியே வந்துவிடும்.

வெளியே வர அது திணறுவதைப் பார்த்து, பாவமென்று பிளேடால் கீறி உதவாதீர்கள். இறக்கை ஈரத்துணி மாதிரி கசங்கியிருக்கும். பூச்சி தொங்கியபடி உடம்பிலுள்ள திரவத்தை அதற்குள் செலுத்தி விரிக்கும். தொங்குவதற்குச் சொரசொரப்பான குச்சியோ துணியோ, கீழே போதிய இடமோ இல்லையென்றால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும். பிறகு சரிசெய்ய முடியாது. சின்ன டப்பா வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். அப்போது சொட்டும் சிவந்த நீர் ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மணி நேரமாவது தொடாமல் விட்டுவிட்டு, வெயில் இருக்கும்போது திறந்துவிடுங்கள்.

சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதில் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வரும். உங்கள் வளர்ப்பில் குறையில்லை. செடியில் இருந்தபோதே புழுவுக்குள் குளவி முட்டையிட்டிருக்கலாம். அவற்றையும் நசுக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். புழுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் செடியைக் காப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.